கொழும்பில் பொறியியல் ட்ரெயினிங்: தம்பி தங்கச்சிமார் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு வருடமும் மூன்றாம் வருடப் பிள்ளைகளின் பரீட்சை நெருங்கும்போது எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். பொறியியல் பீடங்கள் இருக்கும் கிளிநொச்சி அறிவியல் நகரிலிருந்து, ஒலுவிலிலிருந்து, பேராதனையிலிருந்து, ஹப்புகலையிலிருந்து. யாரோ ஒரு அண்ணா என் இலக்கத்தைக் கொடுத்திருப்பார். நான் சிவில் படித்தவள், வெள்ளவத்தையில் இருக்கிறேன், வேலைத்தளத்தில் பயிற்சிப் பிள்ளைகளை வைத்து வேலை வாங்குகிறேன். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, என் பதிலையும் வைத்திருக்கிறேன்.

அக்கா, இந்த ட்ரெயினிங் கட்டாயமா? போகாமல் விட்டால் என்ன?

கட்டாயம்தான். தொழிற்துறைப் பயிற்சி பட்டப் பாடத்திட்டத்துக்குள் இருக்கிறது. அதை முடித்து, அறிக்கை கொடுத்து, தேறினால்தான் பட்டம். சில பீடங்கள் தேர்ச்சி மட்டும் போடும், சில பீடங்கள் புள்ளியும் போடும். உங்கள் கைநூலில் எது என்று முதலில் பாருங்கள்.

இதற்குப் பின்னால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு அங்கத்துவம் பெற்றது. அந்த நிறுவனம் அங்கீகரித்த பட்டத்தை உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகளும் தங்கள் பட்டத்துக்கு நிகராக எடுத்துக்கொள்கின்றன. பின்னால் அவுஸ்திரேலியாவோ கனடாவோ போக நினைப்பவர்களுக்கு இது பெரிய உதவி. வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதும் அந்த அங்கீகாரத்தில் பார்க்கப்படுகிறது.

எத்தனை மாதம்? கம்பஸ் இடம் பிடித்துத் தருமா, நாங்களே தேட வேண்டுமா?

காலம் பீடத்துக்குப் பீடம் மாறும். மூன்று மாதமளவில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள், ஆறு மாதமளவில் செய்பவர்களும் இருக்கிறார்கள். இடம் தேடுவதும் அப்படித்தான். பீடத்தின் பயிற்சிப் பிரிவு கம்பனிகளுக்கு எழுதி, நேர்முகத்துக்கு ஒழுங்கு செய்யும். அதோடு நீங்களும் தேடலாம். நீங்களே பிடித்த இடமென்றால், கடிதத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன் பயிற்சிப் பிரிவிடம் காட்டி ஒப்புதல் எடுங்கள். ஒப்புதல் இல்லாத இடத்தில் இரண்டு மாதம் வேலை செய்துவிட்டு, "அந்த இடம் செல்லாது" என்ற பதிலோடு அழுத பிள்ளையை எனக்குத் தெரியும்.

நைட்டா, நைட்டா என்கிறார்களே, அது யார்?

தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து நைட்டா என்கிறோம். 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அரச அமைப்பு, தலைமை அலுவலகம் ராஜகிரியவில். தொழிற்பயிலுநர்களையும் பல்கலைக்கழகப் பயிற்சி மாணவர்களையும் நிறுவனங்களில் சேர்ப்பதும் கண்காணிப்பதும் அவர்கள் வேலை. உங்கள் பீடம் நைட்டாவோடு சேர்ந்து நடத்துகிறது என்றால், உடன்படிக்கைப் படிவமும், தினமும் செய்த வேலையை எழுதும் டயரியும் அங்கிருந்து வரும், இடையில் ஒருவர் தளத்துக்கு வந்து பார்ப்பார். அவர் வரும் நாளை நினைத்துப் பயப்பட வேண்டாம். உங்களுக்கு அங்கே வேலை கிடைக்காவிட்டால் அதைச் சொல்ல நல்ல ஆள் அவர்தான்.

எப்போது தேடத் தொடங்க வேண்டும்?

பயிற்சி தொடங்குவதற்கு நான்கு ஐந்து மாதம் முன்பே. பெரிய கம்பனிகளின் இடங்கள் முதலில் நிரம்பும். மென்பொருள் கம்பனிகள் இன்னும் முந்திவிடும். கட்டுமானத்தில், கையில் எத்தனை தளம் ஓடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஆள் எடுப்பார்கள். 2022 இல் சீமெந்தும் கம்பியும் விலை ஏறி, பாதிக் கட்டடங்கள் எலும்புக்கூடாக நின்றபோது, நல்ல பிள்ளைகளுக்கே இடமில்லாமல் போனது. அதனால் ஒரே ஒரு கம்பனியை நம்பி உட்காராதீர்கள்.

கொழும்பில் எனக்கு யாரையும் தெரியாது. ஆளில்லாமல் இடம் கிடைக்குமா?

கிடைக்கும். இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பிள்ளைகளின் குரல் தாழ்ந்துபோவதைக் கேட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என்னிடம் வரும் பயிற்சிப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் யாருடைய சிபாரிசும் இல்லாமல் வந்தவர்கள். இரண்டு கடிதம் அனுப்பிவிட்டு நின்றுவிடாமல் முப்பது இடத்துக்கு எழுதியவர்கள்.

உங்கள் கம்பஸில் உங்களுக்கு முன் இரண்டு மூன்று பாட்ச் எங்கே பயிற்சி செய்தது என்று ஒரு பட்டியல் எடுங்கள். அந்த அண்ணா அக்காமாருக்கு எழுதுங்கள். "வேலை வாங்கித் தாருங்கள்" என்று கேட்க வேண்டாம். "யாருக்கு எழுத வேண்டும், அங்கே என்ன வேலை பழகலாம்" என்று கேளுங்கள். பதில் எழுதாதவர்கள் மிகக் குறைவு. பிறகு கம்பனிக்கு ஒரு சிறிய ஈமெயில்: நீங்கள் யார், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எந்தப் பிரிவில் பழக விருப்பம். ஒரு கிழமை கழித்து ஒருமுறை தொலைபேசியில் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இங்கே கேட்காதவரின் கடிதம் அடியில் போய்விடும்.

சிவியில் போட என்னிடம் ஒன்றும் இல்லையே?

இருக்கிறது, நீங்கள் அதை ஒன்றாக எண்ணவில்லை. நில அளவைப் பயிற்சி முகாமில் லெவல் எடுத்தீர்கள் அல்லவா, அதை எழுதுங்கள். ஆய்வுகூடத்தில் கியூப் (வலிமையைச் சோதிக்க வார்க்கும் கொங்கிரீட் கட்டி) உடைத்தது, வீட்டுக் கிணற்று மோட்டரைத் திருத்தியது, ஒரு சின்ன செயலி எழுதிக் கிட்ஹப்பில் போட்டது, எல்லாம் எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒரு எண். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தெரியாத மென்பொருளின் பெயரைப் போடாதீர்கள். நேர்முகத்தில் நான் முதலில் தொட்டுக் கேட்பது அதைத்தான்.

அரச இடமா, தனியார் கம்பனியா? எது நல்லது?

எல்லோரும் பெயரைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது, அந்த மாதங்களில் அந்த இடத்தில் என்ன நடக்கப்போகிறது என்பதை. அத்திவாரம் போடும் கட்டத்தில் இருக்கும் சிறிய தளம், பெயர் பெற்ற கம்பனியின் முடிந்துபோன கட்டடத்தை விட உங்களுக்கு அதிகம் தரும். நேர்முகத்திலேயே கேளுங்கள்: "நான் இருக்கும் காலத்தில் என்ன வேலை ஓடும்? யாரின் கீழ் இருப்பேன்?"

அரச நிறுவனங்களில் பரப்பு பெரியது. ரத்மலானையில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, பத்தரமுல்லையில் வீதி அபிவிருத்தி அதிகார சபை, கொழும்பு 5 இல் மண்சரிவும் மண் பரிசோதனையும் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்று வடிவமைப்பு, பராமரிப்பு, ஆய்வு எல்லாம் ஒரே கூரைக்குள். மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு ரத்மலானை ரெயில்வே வேலைத்தலம் ஒரு பெரிய பள்ளிக்கூடம். குறை என்னவென்றால் வேகம் குறைவு, பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள், தானாகத் தேடிப் போகாதவர் கதிரையில் இருந்தே காலத்தைக் கழிக்கலாம்.

தனியாரில் வேகம் அதிகம், பொறுப்பு சீக்கிரம் கைக்கு வரும். கொழும்புத் துறைமுகத்துக்குள் இருக்கும் கப்பல் கட்டும் தளத்தில் நான்கு உலர்துறைகள் இருக்கின்றன. கப்பல் உள்ளே வந்து, தண்ணீர் இறைத்து, அதன் அடிவயிறு வெளியே தெரியும் காட்சியை ஒருமுறை பார்த்த பிள்ளை உந்துவிசிறியின் படத்தைப் புத்தகத்தில் பழையபடி பார்க்காது. ஆனால் தனியாரில் உங்களை ஒரே வேலையில் போட்டு அங்கேயே வைத்திருப்பதும் நடக்கும். ஆறு மாதமும் கம்பி எண்ணிக்கொண்டிருக்காமல், நான்கு கிழமைக்கு ஒரு பிரிவு என்று மாற்றச் சொல்லித் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

எனக்குச் சிங்களம் தெரியாது. சைட்டில் சமாளிக்க முடியுமா?

முடியும். நானும் அப்படித்தான் வந்தேன். வரைபடம், அளவுப் பட்டியல், ஈமெயில் எல்லாம் ஆங்கிலத்தில்தான். சிங்களம் வேண்டியது பாஸ்மாரோடு, அதாவது மேசன், கம்பி கட்டுபவர், தச்சர், ஃபோர்மன் ஆகியோரோடு. பயிற்சியின் உயிர் அவர்களிடம்தான் இருக்கிறது என்பதால், ஆங்கிலத்தை வைத்து அவர்களைத் தவிர்த்துவிடாதீர்கள்.

முதல் கிழமையில் பத்துச் சொல் போதும். மொகக்த மே, இது என்ன. தேருனே நே, விளங்கவில்லை. ஆயெத் கியன்ன, திரும்பச் சொல்லுங்கள். வதுர தண்ணீர், வெலி மணல், சிமெந்தி சீமெந்து, கம்பி கம்பியேதான். இரண்டு சொல்லைப் பாதுகாப்புக்காகவே மனப்பாடம் செய்யுங்கள்: நவத்தன்ன என்றால் நிறுத்துங்கள், அய்ங் வென்ன என்றால் விலகுங்கள். கிரேன் தலைக்கு மேல் சுழலும்போது அகராதி பார்க்க நேரமிருக்காது.

உங்களை மல்லி, நங்கி என்று கூப்பிடுவார்கள். தம்பி, தங்கச்சி என்றுதான் அர்த்தம். எனக்கு ஸ்லம்ப், அதாவது ஈரக் கொங்கிரீட்டின் இளக்கத்தைக் காட்டும் அளவு, என்றால் என்ன என்று கையால் பிடித்துக் காட்டியவர், மாத்தறைப் பக்கத்து வயதான பாஸ் ஒருவர். நான் தப்பும் தவறுமாகக் கதைத்த சிங்களத்தைத் திருத்தியவரும் அவர்தான். பதிலுக்கு என்னிடம் தமிழ் எண்கள் பழகினார். மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த தமிழ் பேசும் தொழிலாளர்களும் பல தளங்களில் இருப்பார்கள். ஆனால் அவர்களோடு மட்டும் நின்றுவிட்டால் பாதித் தளத்தை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

எங்கே தங்குவது? போக்குவரத்து எப்படி?

நம் பிள்ளைகள் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனை என்று தேடுவார்கள். சாப்பாட்டுக் கடை, கோயில், தமிழில் கதைக்கும் வீட்டுக்காரர் என்று மனதுக்கு இலகு. வெள்ளவத்தையில் வாடகை அதிகம், இரண்டு மூன்று பேர் சேர்ந்து அனெக்ஸ் எடுத்தால் தாங்கும். முற்பணம் எவ்வளவு, திருப்பித் தருவார்களா, தண்ணீர் மின்சாரம் உள்ளே சேர்த்தியா என்பதைக் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்குங்கள்.

முதலில் இடம், பிறகு போர்டிங். தளம் மாலபேயில் இருக்கும்போது வெள்ளவத்தையில் தங்கி, தினமும் மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் கழித்த தம்பி, இரவில் டயரி எழுத முடியாமல் தூங்கிவிடுவார். ரத்மலானை, மொறட்டுவைப் பக்கம் என்றால் கரையோர ரெயில் நல்லது, மாதச் சீசன் டிக்கெட் எடுத்தால் மலிவு. பஸ் என்றால் காலி வீதியில் 100, 101 இலக்கங்கள். ராஜகிரிய, பத்தரமுல்லை, மாலபே பக்கம் 177. நுகேகொடை, மகரகமைப் பக்கம் 138. தளங்கள் காலை ஏழரைக்கே தொடங்கிவிடும், அதைக் கணக்கில் வையுங்கள்.

காசு தருவார்களா?

சில இடம் தரும், சில இடம் தராது. மென்பொருள் கம்பனிகள் பொதுவாக நன்றாகவே தரும். கட்டுமானத்தில் போக்குவரத்துக்குக் காணும் அளவு கிடைத்தால் நல்லது. அரச இடங்களில் எதிர்பார்த்துப் போகாதீர்கள். எவ்வளவு, எந்தத் திகதியில், எந்த வங்கிக்கு என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். வீட்டில் வருமானம் குறைந்த பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: மகாபொலப் புலமைப்பரிசில் அல்லது உதவுதொகை பயிற்சிக் காலத்தில் எப்படி வரும் என்று பீட அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். அதை நம்பிப் போர்டிங்குக்கு முற்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என்னென்ன பத்திரம் கொண்டுவர வேண்டும்?

அடையாள அட்டை, கம்பஸ் அட்டை, பீடத்தின் கடிதம், புகைப்படம், வங்கிப் புத்தகப் பிரதி, கிராம சேவகர் சான்றிதழ். துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் போன்ற இடங்களில் உள்ளே போக நுழைவு அனுமதி வேண்டும், அதற்குப் பொலிஸ் அறிக்கையும் கேட்கலாம். கிராம சேவகர் சான்றிதழை ஊரில்தான் எடுக்க வேண்டும். அதனால் கொழும்புக்கு ஏறுவதற்கு முன்பே இரண்டு மூலப் பிரதியாக வாங்கி வையுங்கள். வடக்கு கிழக்கிலிருந்து வருபவர்கள் போர்டிங் முகவரியையும் வீட்டுக்காரரின் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருப்பது நல்லது.

பாதுகாப்புப் பூட்ஸ் கம்பனி தருமா என்று கேளுங்கள். தராவிட்டால் புறக்கோட்டையில் வாங்கலாம். முன்பக்கத்தில் இரும்புத் தொப்பி இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

எனக்கு வேலையே தருவதில்லை. போட்டோகொப்பி எடுக்கவும் தேநீர் சொல்லவும்தான் விடுகிறார்கள். என்ன செய்ய?

எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான். எனக்கும் நடந்தது. முதல் மூன்று கிழமை வரைபடங்களைப் பிரதி எடுத்து மடித்து வைத்தேன். அழுகை வந்தது. நான்காவது கிழமை, மடிக்கும் வரைபடங்களை வாசிக்கத் தொடங்கினேன். ஒரு தூணின் கம்பி விவரம் இரண்டு தாள்களில் இரண்டு விதமாக இருந்தது. அதைக் குறித்துக்கொண்டு போய்த் தளப் பொறியியலாளரிடம் "இது எனக்கு விளங்கவில்லை, எது சரி?" என்று கேட்டேன். அன்றைக்கு மத்தியானமே என்னைத் தளத்துக்குக் கூட்டிப்போனார்.

வேலை தருபவர்கள் கெட்டவர்கள் என்று எண்ண வேண்டாம். அவர்களுக்கு நேரமில்லை, உங்களுக்கு என்ன தெரியும் என்பதும் தெரியாது. அதனால் "வேலை தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், ஒரு குறிப்பிட்ட வேலையைக் கேளுங்கள். "நாளைக்கு மூன்றாம் மாடித் தளத்துக்குக் கொங்கிரீட் போடுகிறீர்கள், ஸ்லம்ப் பரிசோதனைக் குறிப்பை நான் எழுதட்டுமா?" "இந்த மாடியின் கம்பி அளவை நானும் கணக்குப் போட்டுப் பார்த்து உங்களிடம் காட்டட்டுமா?" இப்படிக் கேட்கும் பிள்ளைக்கு மறுப்புச் சொல்வது கஷ்டம்.

இரண்டு கிழமை இப்படிக் கேட்டும் ஒன்றும் மாறவில்லை என்றால், கம்பஸ் இணைப்பாளருக்கு எழுதுங்கள். மூன்றாம் மாதத்தில் எழுதினால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

டயரியில் என்ன எழுதுவது? ஒவ்வொரு நாளும் ஒரே வேலைதானே?

"இன்று கொங்கிரீட் போடப்பட்டது. நன்றாகக் கற்றேன்." இப்படி எழுதிய பக்கங்களை நூறு முறை பார்த்திருக்கிறேன். அதே நாளை இப்படி எழுதலாம்: "இரண்டாம் மாடித் தளம், தரம் 30. முதல் லொறி காலை 9.10, ஸ்லம்ப் 130 மில்லிமீற்றர். மூன்றாவது லொறி நெரிசலில் சிக்கி வந்தது, ஸ்லம்ப் 70, தள அதிகாரி திருப்பி அனுப்பினார். 150 மில்லிமீற்றர் கியூப்கள் எடுத்தோம், ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் உடைக்க. ஏன் திருப்பினார் என்று கேட்டேன்: இறுகத் தொடங்கிய கலவைக்குத் தண்ணீர் ஊற்றினால் பார்வைக்குச் சரியாகும், வலிமை குறையும்." வேலை ஒன்றுதான், ஆனால் இந்தப் பக்கத்தை வாசிப்பவருக்கு நீங்கள் அங்கே நின்றீர்கள் என்று தெரியும். கையால் ஒரு சிறு படமும் வரையுங்கள்.

அன்றன்றைக்கே எழுதுங்கள். சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் போதும். நான் ஆறு கிழமை எழுதாமல் விட்டேன். பிறகு உட்கார்ந்தபோது திகதிகள் குழம்பிவிட்டன, கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு மாவட்டத்துத் தளத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அவரைத் தேடி இரண்டு நாள் பஸ்ஸில் அலைந்தேன்.

சூப்பர்வைசர் கையெழுத்துப் போட நேரமில்லை என்கிறார். மொத்தமாகக் கடைசியில் வாங்கலாமா?

வேண்டாம், காரணம் மேலே என் கதையிலேயே இருக்கிறது. கிழமைக்கு ஒரு நாளும் நேரமும் பேசி வையுங்கள். வெள்ளி பின்னேரம் நல்லது. டயரியோடு ஒரு கேள்வியையும் கொண்டுபோங்கள், அந்த ஐந்து நிமிடம் பாடமாகிவிடும்.

மென்பொருள் பயிற்சிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்கிறார்கள். அது நல்லதா?

செலவு மிச்சம், ஆனால் முதல் பயிற்சிக்கு நான் அலுவலகத்தையே சொல்வேன். பக்கத்துக் கதிரைக்காரர் ஒரு பிழையை எப்படித் தேடுகிறார் என்பதைத் திரையின் வழியாகப் பார்ப்பது கஷ்டம். மருதானை, தெமட்டகொடை, கொள்ளுப்பிட்டிப் பக்கம் இருக்கும் கம்பனிகள் கிழமையில் சில நாள் வரச் சொல்வதுண்டு. நீங்களாகவே கூட ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். வீட்டிலிருந்துதான் என்றால், அரை மணித்தியாலம் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் வாய் திறந்து கேட்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு நாள் மௌனமாகப் போராடுவதை யாரும் திறமையாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் பெண்பிள்ளை. சைட் வேண்டாம், ஒபிஸில் கேள் என்று அம்மா சொல்கிறார்.

அம்மாவின் பயம் எனக்கு விளங்குகிறது, என் அம்மாவும் சொன்னார். நான் சைட்டுக்குத்தான் போனேன், உங்களையும் அங்கேயே போகச் சொல்கிறேன். போகும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: பெண்களுக்குத் தனிக் கழிவறை இருக்கிறதா, இரவுக் கொங்கிரீட் வேலையில் வீடு திரும்ப வாகனம் உண்டா, தளத்தில் வேறு பெண் பொறியியலாளர் அல்லது அளவீட்டாளர் இருக்கிறாரா. இதைக் கேட்டதற்காக உங்களைக் குறைவாக நினைக்கும் இடம் உங்களுக்கு வேண்டாத இடம்.

யாராவது சொல்லாலோ கையாலோ எல்லை மீறினால், அது பயிற்சியின் ஒரு பகுதி அல்ல. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ் குற்றம். திகதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதுங்கள், டயரியில் வேண்டாம், உங்கள் சொந்தக் குறிப்பில். கம்பஸ் இணைப்பாளருக்கும் வீட்டில் நம்பும் ஒருவருக்கும் சொல்லுங்கள். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கமும் இருக்கிறது. பயிற்சி வீணாகிவிடும் என்று பயந்து வாய் மூடியிருக்காதீர்கள். இடம் மாற்றலாம், எப்படி என்று கீழே சொல்கிறேன்.

பாதுகாப்பில்லாத வேலையைச் செய்யச் சொன்னால் மறுக்கலாமா? கெட்ட அறிக்கை எழுதுவார்களோ?

மறுக்கலாம், மறுக்க வேண்டும். ஹார்னஸ் (விழாமல் தாங்கும் பாதுகாப்புப் பட்டி) இல்லாமல் விளிம்பில் நின்று அளவெடுப்பது, தாங்கு பலகை இல்லாத ஆழக் குழிக்குள் இறங்குவது, இவற்றில் தைரியம் காட்ட ஒன்றுமில்லை. மண் சரிந்தால் இடுப்பளவு புதைந்தவரைக்கூட இழுத்தெடுக்க முடியாது.

இலக்ட்ரிக்கல் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். "மின்சாரம் நிறுத்தியாகிவிட்டது" என்று ஒருவர் வாயால் சொன்னால் போதாது. வேலை அனுமதிப் பத்திரம், சுவிட்சில் பூட்டு, சோதித்துப் பார்த்தல், பிறகு புவித்தொடுப்பு, அதாவது கம்பியை நிலத்தோடு இணைப்பது. 11 கிலோவோல்ட் கேபிளை நிறுத்திய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும், புவித்தொடுப்புக் கொடுத்த பிறகே கை வைக்கலாம். இந்த நான்கும் முடியும்வரை பயிற்சி மாணவர் கோட்டுக்கு வெளியே நிற்பதுதான் ஒழுங்கு. "எனக்கு இன்னும் அதற்குப் பயிற்சி தரவில்லை, பக்கத்தில் நின்று பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். நல்ல பொறியியலாளர் எவரும் இதற்காகக் கெட்ட அறிக்கை எழுதமாட்டார். விபத்துக் காப்புறுதி யார் பேரில், எது வரை என்பதையும் சேரும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

பாதியில் இடம் மாற முடியுமா?

முடியும், ஆனால் நீங்களாக நின்றுவிடக் கூடாது. முதலில் இணைப்பாளருக்கு எழுத்தில் காரணம், பிறகு அவர் சொல்லும் ஒழுங்கு. செய்த கிழமைகளைக் கணக்கில் எடுக்க, பழைய இடத்திலிருந்து கடிதமும் டயரியில் கையெழுத்தும் வேண்டும். அலுப்பாக இருக்கிறது என்பதற்காக மாறாதீர்கள், அதற்கு வேலை தராதது பற்றிச் சொன்ன வழி இருக்கிறது. தொந்தரவு, ஆபத்து, முழுக்க வேலையின்மை இவற்றுக்கு மாறலாம்.

சைட்டில் எடுத்த போட்டோவை லிங்க்ட்இன்னில் போடலாமா? அறிக்கையில் வரைபடம் சேர்க்கலாமா?

கேட்டுவிட்டு. சேரும்போது கையெழுத்திடும் தாளில் இரகசியம் காக்கும் நிபந்தனை இருக்கும், அதை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மென்பொருளில் கம்பனிக் குறியீட்டின் ஒரு வரிகூட உங்கள் சொந்தக் கணக்குக்குப் போகக் கூடாது. அறிக்கைக்கு வேண்டிய வரைபடத்தை நீங்களே எளிதாக்கி வரைந்தால், அனுமதியும் இலகு, உங்களுக்கும் விளங்கும்.

கியூப் எடுக்காமலே எடுத்ததாகப் பதிவு எழுதச் சொல்கிறார்கள். எல்லா இடமும் இப்படித்தான் என்கிறார்கள். என்ன செய்ய?

இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பிக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை, அன்றிரவு யோசித்துத்தான் சொன்னேன். எல்லா இடமும் அப்படி இல்லை. அந்தக் கியூப்தான் அந்தத் தூணுக்காகப் பேசும் ஒரே சாட்சி. கட்டடத்தில் குடியிருக்கப் போகிறவர் அதைப் பார்க்கமாட்டார், உங்கள் எழுத்தை நம்பித்தான் குடிவருவார்.

எழுதாதீர்கள். ஆனால் சண்டையாகவும் தொடங்காதீர்கள், நீங்கள் அங்கே மிகச் சின்ன ஆள். "நான் இதை எடுக்கும்போது நிற்கவில்லை, நின்றவர் எழுதட்டும்" என்று சொல்லுங்கள். பயிற்சி மாணவரின் கையெழுத்துக்கு அந்தப் பதிவில் இடமே இருக்கக் கூடாது. உங்கள் டயரியில் நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், கூட்டாமல், குறைக்காமல். அந்த வாரத்துக்குள் இணைப்பாளரிடம் நேரில் சொல்லுங்கள். அந்தத் தம்பி அப்படித்தான் செய்தார். வேறு தளத்துக்கு மாற்றப்பட்டார், பயிற்சியும் முடிந்தது.

முடியும் முன்பே அங்கேயே வேலை தருகிறோம் என்கிறார்கள். இறுதி வருடத்தைத் தள்ளிப் போடலாமா?

தள்ளாதீர்கள். சந்தோஷமாக நன்றி சொல்லி, பட்டம் முடித்து வருகிறேன் என்று எழுத்தில் கொடுங்கள். இறுதி வருட ஆய்வுக்கு அவர்களிடமிருந்தே ஒரு பிரச்சினையை எடுத்துப் போனால் தொடர்பும் இருக்கும், தரவும் கிடைக்கும். மென்பொருளில் பகுதி நேரமாகத் தொடரச் சொல்வார்கள். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்று எல்லை வைத்தால் செய்யலாம்.

வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) என்ன கேட்பார்கள்?

உங்கள் டயரியைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டி, "இது ஏன்?" என்பார்கள். டயரி மேலே சொன்னபடி இருந்தால் தனியாகப் படிக்க அதிகம் இல்லை. எண்களை மட்டும் ஒருமுறை பாருங்கள்: எத்தனை மாடி, அத்திவாரம் என்ன வகை, மின்மாற்றியின் கொள்ளளவு எவ்வளவு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

மாமா ஒரு சின்னக் கம்பனி வைத்திருக்கிறார். போகாமலே கடிதம் தருவார். நான் வீட்டிலிருந்து மேற்படிப்புப் பரீட்சைக்குப் படிக்கலாமா?

வேண்டாம். மாட்டிக்கொள்வீர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, மாட்டவும் கூடும், கண்காணிக்க வருபவர் சொல்லாமல்தான் வருவார். நான்கு வருடப் படிப்பில் ஒரு மேசன் பாஸ் பக்கத்தில் நின்று காட்டித் தரும் காலம் இது ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர்கள் உங்களைக் கேட்பார்கள். உங்களுக்குத் தெரியாது என்று அவர்களிடம் சொல்ல அப்போது உங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

மாமாவின் கம்பனி சின்னது என்பது குறையே இல்லை. பயிற்சிப் பிரிவு ஏற்றுக்கொண்டால் அங்கேயே போங்கள். மாமாவிடம் சொல்லி, உங்களை மருமகன் என்று தெரியாத ஒரு ஃபோர்மனின் கீழ், ஊருக்கு வெளியே ஓடும் தளத்தில் போடச் சொல்லுங்கள். காலை ஏழரைக்கு அங்கே நில்லுங்கள்.